இருபத்திரண்டு பாகை

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உச்சம் சார் என்பார்கள். வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, வீட்டுக் கூடத்தின் மூலையில் நீலத் திரையை மாட்டி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசி வழியாக நேரலையில் ஜாதகம் சொல்கிறான். இடுப்புக்கு மேலே பட்டுச் சட்டை. கீழே, வீட்டில் போட்டுத் தேய்ந்த அரைக்கால் சட்டை. பார்க்கிறவர்களுக்கு மேல்பாதி போதும்.

யார் கூப்பிட்டாலும் அவர்கள் ஜாதகத்தில் ஏதாவது ஒரு கிரகம் உச்சமாக இருக்கும். பன்னிரண்டு ராசிகளில் ஒரு கிரகத்துக்கு உச்ச வீடு ஒன்றே ஒன்று. பாதிக்கு மேற்பட்ட ஜாதகங்களில் ஒரு கிரகம்கூட உச்சத்தில் இருக்காது. அப்படி இல்லாதவர்களுக்கு அண்ணன் தன் கையிலிருந்து போட்டுக் கொடுப்பான்.

"உங்களுக்குக் குரு உச்சம்மா! இப்படி ஒரு ஜாதகம் பாத்து எத்தன நாளாச்சு!"

அந்தப் பக்கம் இருக்கிறவள் குரல் குழைந்துவிடும். புருஷன் பேசாதது, மேலதிகாரி ஏசியது, முட்டி வலி எல்லாம் மறந்துபோகும். வானத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் தனக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டு போவாள். இப்படிப்பட்டவர்கள் பதினோராயிரம் பேர் அவனைப் பின்தொடர்கிறார்கள். பதினோராயிரம் பேருக்கும் பஞ்சாங்கம் வாங்கக் கையில்லையா, புரட்டக் கண்ணில்லையா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

எனக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரிந்த கதை பெருமையானதல்ல. என் கல்யாணத்துக்கு அண்ணன்தான் பொருத்தம் பார்த்தான். பத்துக்கு எட்டு என்றான். பதினான்கு மாதத்தில் நான் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். அண்ணன் என் ஜாதகத்தை மறுபடி எடுத்து, நெற்றியைச் சுருக்கி, "ஒனக்குச் சுக்கிரனுக்குப் பலமே இல்ல, நான் அன்னைக்கே கவனிச்சேன்" என்றான். கவனித்தவன் ஏன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தான் என்று நான் கேட்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கணித நூல்கள் நான்கும் அட்டவணைகள் இரண்டும் வாங்கினேன். பதினோரு மாதம் தனியாக உட்கார்ந்து கற்றேன். அண்ணன் என் பிறந்த நேரத்தில் காலையையும் மாலையையும் மாற்றிப் போட்டிருந்தான். சரியான நேரத்தை வைத்து நானே பொருத்தம் பார்த்தேன். அப்போதும் பத்துக்கு எட்டுதான் வந்தது.

அன்றைக்கே இந்தச் சாஸ்திரத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை போயிற்று. ஆனால் கணக்கு விட்டுப்போகவில்லை. கிரகத்தின் பலம் என்பது உச்சம், நீசம் என்கிற இரண்டு சொல்லில் முடிகிற விஷயமில்லை. அது நிற்கும் இடம், நிற்கும் திசை, பிறந்த பொழுது, அதன் நடை, இயல்பான ஒளி, அதன் மேல் விழும் பார்வை என்று ஆறு வகையாக அளந்து கூட்ட வேண்டும். உச்சத்தில் இருப்பது கூட்டலில் தோற்கும். பகைவன் வீட்டில் ஒண்டிக் கிடப்பது முதலிடத்துக்கு வரும். நட்பும் அப்படித்தான். சந்திரன் புதனை நண்பன் என்று நினைக்கிறது. புதன் சந்திரனைப் பகை என்கிறது. இதை எழுதிவைத்தவன் குடும்பத்தில் வாழ்ந்தவனாக இருக்க வேண்டும். ஒரு ஜாதகத்தை முழுதாகப் போட எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். அண்ணனுக்கு நாற்பது வினாடி.

என் பிழைப்பு வேறு. எடை, அளவு அலுவலகத்தில் நான் பரிசோதகர். கடைத் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்து முத்திரை வைப்பவள். அலுவலகத்தில் என்னைத் தராசு அக்கா என்பார்கள். கடைக்காரர்கள் சொல்வதை எழுத முடியாது. வேலை முடிந்தபின் வருகிற இரண்டொருவருக்கு ஜாதகம் கணித்துக் கொடுப்பேன். பலன் சொல்ல மாட்டேன். "இதுதான் கணக்கு. எதிர்காலம் வேணும்னா எங்கண்ணன்கிட்டப் போங்க" என்பேன். போவார்கள்.

அண்ணனுக்கு ஒரே மகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, காலடியில் கப்பலைப் பார்த்தபடி, லாரி நீளப் பெட்டிகளைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி வைப்பாள். எங்கள் குடும்பத்தில் உருப்படியான வேலை செய்கிற ஒரே ஆள். அவள் ஜாதகத்தில் செவ்வாய் உண்மையாகவே உச்சம், அதுவும் பத்தாம் வீட்டில். இடமும் திசையும் ஒருசேரப் பலம் தருவது அபூர்வம். அண்ணன் அதைச் சொல்லும்போது மட்டும் நான் பேசாமல் இருப்பேன்.

அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண் பரிசோதனையும் அவனே. அம்மாவும் அவனும் மட்டும். அவனுடைய அம்மா அண்ணனின் நேரலையை ஒரு நாள்கூடத் தவறவிடாதவள். அதுவே அண்ணனுக்கு முக்கால் பொருத்தம். மாப்பிள்ளைக்குச் சுக்கிரன் கன்னியில் நீசம். கல்யாண காரகன் படுத்துக் கிடக்கிறான். ஆனால் அதே கன்னியில், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரனான புதன் உச்சம். வீட்டுக்காரன் பலமாகக் கூடவே உட்கார்ந்திருந்தால் நீசம் ரத்தாகிவிடும். அதற்கு நீசபங்கம் என்று பெயர். அண்ணன் அதில் 'ராஜயோகம்' என்கிற வாலையும் ஒட்டி, தன் சேனலிலேயே பேசிவிட்டான். வரப்போகும் மருமகனின் ஜாதகத்தைப் பதினோராயிரம் பேருக்குக் கடைபரப்பிய முதல் மாமனார் அவனாகத்தான் இருக்கும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணன் மகள் என் அலுவலகத்துக்கு வந்தாள். சோதனை அறையில் வெண்கல எடைக்கற்களை இடுக்கியால் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைக்கவசம் அழுத்திய கோடு நெற்றியில் இருந்தது.

"அத்தை, நீங்க ஒரு பொய் சொல்லணும்."

"உக்காரு முதல்ல."

"ஞாயித்துக்கிழமை அவங்க வராங்க. நீங்களும் வரணும்னு அந்தம்மா சொல்லியிருக்கு. ஜாதகம் சேரலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஏன், பையன் எப்படி?"

"நல்லவர்தான். அவர் பேசும்போது எனக்குக் கொட்டாவி வருது அத்தை. ரெண்டு தடவை பாத்தோம். ரெண்டு தடவையும் வந்துது. அவங்கம்மா, கல்யாணத்துக்கப்புறம் கீழ எறங்கிடணும், ஆபீஸ்ல ஏதாவது வேலை கேட்டுக்கன்னு சொல்றாங்க. இவர் பக்கத்துல உக்காந்து கப்பைப் பாத்துக்கிட்டிருக்காரு."

"அதை ஒங்கப்பன்கிட்டச் சொல்லு."

"சொன்னேன். செவ்வாய் உச்சமா இருந்தா ஆரம்பத்துல அப்படித்தான் முரண்டு புடிக்கும்னாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஜாதகம் நல்லாத்தான் சேருது," என்றேன். "நான் போட்டுப் பாத்துட்டேன். கணக்குல பொய் சொல்ல மாட்டேன். ஒனக்குப் பிடிக்கலங்கறதைச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அது யாருக்கு வேணும் அத்தை?"

"அதுதானே உண்மை?"

அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். அண்ணனை நான் பார்க்கிற அதே பார்வை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆறாவது மாடி, சிறிய கூடம். நீலத் திரையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் சொருகியிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா தடித்த கண்ணாடி போட்ட, பேச்சில் சுறுசுறுப்பான பெண்மணி. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"ஒங்களப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன். யாரையும் புகழ மாட்டீங்களாமே. நீங்களும் ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

"பாத்துட்டேன்," என்றேன். "ஜாதகம் பொருந்துது. நீசபங்கம் உண்டு, ராஜயோகம் அது இதுன்னு எதுவும் இல்ல. புதனுக்கு நல்ல பலம். குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல."

அந்தம்மா முகம் மலர்ந்தது. அண்ணன் நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்தான்.

"ஆனா பொண்ணுக்குப் பிடிக்கல. பையன்மேல குத்தம் சொல்லல. அவளுக்கு இந்தக் கல்யாணம் வேணாம். இதுக்குக் கட்டத்துல எடம் கெடையாது. அவளையே கேளுங்க."

அண்ணி சமையலறை வாசலில் தட்டோடு நின்றுவிட்டாள். அண்ணன் மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தம்மா சிரித்தாள்.

"எந்தப் பொண்ணுதான் மொதல்ல சரின்னிருக்கு? நானே மூணு நாள் அழுதேன். அதெல்லாம் போகப் போகச் சரியாயிடும். நீங்களே ஜாதகத்துல குறை இல்லைன்னுட்டீங்க, அப்புறம் என்ன!"

"நான் சொன்னதுல ரெண்டாவது பாதி—"

"மொத பாதி போதும்மா," என்றான் அண்ணன்.

மாப்பிள்ளை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல விரல்கள், சுத்தமான நகங்கள், ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் சொன்ன உண்மையால் நடந்தது இதுதான்: ஆடிக்கொண்டிருந்த வரன் உறுதியாயிற்று. அடுத்த நேரலையில் அண்ணன், "யாரையும் ஒத்துக்காத என் தங்கச்சியே ஒத்துக்கிட்டா" என்று அறிவித்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் கணக்கை அவன் மதித்தான்.

அண்ணன் மகள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு காரியம் செய்தாள். அப்பாவிடம் போய், "வெள்ளிக்கிழமை உங்க நேரலைக்கு நான் கூப்புடறேன். என் பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லிட்டு, எங்கப்பா எனக்குப் பிடிக்காத எடத்துல கட்டிவைக்கப் பாக்கறாரு, என்ன பரிகாரம்னு கேக்கறேன். நீங்க பதில் சொல்லுங்க" என்றிருக்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. வேலைக்குப் போகிற வழியில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாளாம். அண்ணி பிறகு என்னிடம் சொன்னாள்.

மகள் கண்ணீருக்கு அசையாதவன், பதினோராயிரம் பேர் என்றதும் ஆடிப்போனான். வியாழக்கிழமை சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்தான். என்னையும் வரச் சொன்னான். காரணம் சொல்லவில்லை.

போனபோது மேஜையில் மாப்பிள்ளையின் ஜாதகம் விரித்திருந்தது. அதில் சிவப்பு மையால் இரண்டு வட்டம். அண்ணன் முகத்தில் சாவு வீட்டுக்கு வந்தவனின் அமைதி.

"நேத்து தற்செயலா திரும்பப் பாத்தேன்," என்றான். "மனசு கேக்கல. நீசபங்கம்னு நெனச்சோம் இல்லையா, அந்தப் பங்கத்துக்கே பங்கம் வந்துட்டுது. புதன் அஸ்தங்கம்."

"அப்படின்னா?" என்றாள் அந்தம்மா.

"சூரியன் பக்கத்துல போற கிரகம் எரிஞ்சு போயிடும். இருக்கும், ஆனா வேலை செய்யாது. புதன் எரிஞ்சா சுக்கிரனை யாரு தூக்கி விடறது? கல்யாண ஸ்தானமே ஆட்டம் கண்டுடும். என் பொண்ணுங்கறதால சொல்லல, ஒங்க பையன் நல்லதுக்குச் சொல்றேன்."

நான் ஜாதகத்தைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை, மனப்பாடம். சூரியன் சிம்மத்தில் இருபதாம் பாகை. புதன் கன்னியில் பன்னிரண்டு. நடுவே இருபத்திரண்டு பாகை. பதினான்குக்குள் வந்தால்தான் அஸ்தங்கம். சூரியன் அந்த வீட்டிலேயே இல்லை. கழித்தல் தெரிந்த எவரும் பாகைகளைப் பார்த்து இதைச் சொல்லலாம்.

அந்தம்மாவும் விரலை வைத்துப் பார்த்தாள். "சூரியன் இந்தக் கட்டத்துல இல்ல இருக்கு? புதன் அடுத்த கட்டத்துல…"

அண்ணன் இமைக்கவே இல்லை. "அடுப்பு அடுத்த ரூம்ல இருந்தா இந்த ரூமுக்குச் சூடு வராதாம்மா?"

இத்தனை வருஷத்தில் அவனிடம் எத்தனையோ அபத்தங்களைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை. ஆறு பலம், பாகை, பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை, ஆயிரம் வருஷக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு சமையலறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அந்தம்மா குழம்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நீங்கதான் அன்னைக்குக் குறை இல்லன்னீங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். இவர் சொல்றது சரியா?"

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணில் முதல் தடவையாகப் பயம். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அங்கேயே அவன் கதை முடியும். இருபது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அட்டவணைகளோடு மல்லுக்கட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். உள் அறைக் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அண்ணன் மகள் அங்கே நின்றாள். வேலைச் சட்டையோடு. என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும் என்பது மாதிரி.

"அஸ்தங்கம்தான்," என்றேன். "நான் கவனிக்காம விட்டுட்டேன்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்களா கவனிக்காம விட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை எழுந்து அவள் கையைப் பிடித்தான். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்கள். மரியாதையான ஜனங்கள்.

லிப்ட் கதவு மூடியதும் அண்ணன் சமையலறைக்கு வந்தான். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் தோளைத் தட்டினான்.

"இப்பத்தான் நீ தொழில் கத்துக்கிட்டே."

தம்ளரை அவன் மேல் எறிந்திருப்பேன். அண்ணி நின்றதால் விட்டேன். அண்ணன் மகள் ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ்ப்பா." அவன் கண் கலங்கிற்று. நிஜமாகவே கலங்கிற்று, தான் ஒரு தியாகம் செய்துவிட்டதாக நம்பிவிட்டான். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "வரேன் அத்தை, ஷிப்ட் இருக்கு" என்றாள். வெள்ளிக்கிழமை நேரலையில், சொந்த மகளின் சம்பந்தத்தையே சாஸ்திரத்துக்காக நிறுத்திய கதையை அவன் அரை மணி நேரம் சொன்னான். அடுப்பு உவமையும் வந்தது. பின்தொடர்கிறவர்கள் பதிமூவாயிரமானார்கள்.

எனக்கு அந்தப் பதிமூவாயிரம் பேர் மேல் இருந்த இளக்காரம் இப்போது என் மேலும் கொஞ்சம் திரும்பியது. அவர்கள் பொய்யைக் கேட்டு ஏமாந்தவர்கள். நான் பாகை, கலை சுத்தமாகத் தெரிந்து பொய் சொன்னவள். ஆனால் அந்தப் பெண் துறைமுகத்தில் தன் கூண்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அது அடங்கிவிடும். சரி, போகட்டும், முடிந்தது என்றிருந்தேன்.

முடியவில்லை. நான்கு மாதம் கழித்து மாப்பிள்ளை என் அலுவலகத்துக்கு வந்தான். வரவேற்பில் முக்கால் மணி நேரம் காத்திருந்தானாம். யாரிடமும் எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லையாம். சோதனை அறையில், அண்ணன் மகள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தான். சிவப்பு வட்டங்கள் அப்படியே இருந்தன.

"மேடம், இந்த அஸ்தங்கம்… இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"ஏன்?"

"நாலு எடத்துல கேட்டுட்டாங்க. உச்சம் சார் சேனல்ல சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. புதன் எரிஞ்ச பையன்னு சொல்றாங்க. அம்மா சரியாச் சாப்பிடறதில்ல. கடையில கண்ணு டெஸ்ட் பண்ண உக்காந்த ஒரு பாட்டிம்மா, தம்பி, ஒனக்குத்தானே எரிஞ்சு போச்சுன்னு கேட்டாங்க."

அவன் சிரிக்க முயன்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூடத்தில் பெண்ணைப் பார்த்தேன், அண்ணனைப் பார்த்தேன், என் கௌரவத்தைப் பார்த்தேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே, அவனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பேசாதவன் என்று இளப்பமாக விட்டுவிட்டேன்.

"அஸ்தங்கம் இல்ல," என்றேன். "அன்னைக்கு எங்கண்ணன் சொன்னது பொய். நான் சொன்னதும் பொய். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் கண் அசையவில்லை.

"எதுக்கு?"

"அவளுக்கு ஒங்களப் பிடிக்கல. அதை மொத தடவையே சொன்னேன். யாரும் காதுல வாங்கல. நீங்களும்தான்."

"நான் காதுல வாங்கினேன்," என்றான் மெல்ல. "அன்னைக்கு வீட்டுக்குப் போயி அம்மாகிட்டச் சொன்னேன், அவங்களுக்கு இஷ்டமில்லன்னா விட்டுடலாம்னு. ஜாதகம் நல்லா இருக்குன்னு அந்த மேடமே சொல்லிட்டாங்க, நீ சும்மா இருன்னாங்க. சும்மா இருந்துட்டேன்."

"அங்கயே, எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும்."

"ஆமா." ஜாதகத்தை மடித்துக்கொண்டே, "நீங்களும் சொல்லியிருக்கணும் மேடம், ரெண்டாவது தடவை" என்றான்.

அவன் எழுந்தான். வழியைத்தான் கேட்டு வந்தான். வழி கிடைத்துவிட்டது என்றோ கிடைக்கவில்லை என்றோ முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவருகே போய்த் திரும்பினான்.

"இதை எங்கம்மா நம்ப மாட்டாங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

அன்று சாயங்காலம் அவனை இருக்கச் சொல்லி, ஜாதகத்தைப் புதிதாகப் போட்டேன். ஏழு கிரகங்களுக்கும் ஆறு பலமும் கணக்கிட்டுக் கூட்டினேன். புதன் எல்லாவற்றிலும் முதலாக வந்தது. கடைசிப் பக்கத்தில், சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் இருபத்திரண்டு பாகை, அஸ்தங்கம் இல்லை, முன்பு நானும் என் அண்ணனும் கூறியது தெரிந்தே கூறிய பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனையும் சேர்த்து எழுதும்போது பேனா நன்றாக ஓடியது. அதை மறைக்க மாட்டேன்.

நான்கு மணி நேரமும் அவன் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். கேள்விகள் சரியாக இருந்தன. எனக்குக் கொட்டாவி வரவில்லை. காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தயங்கி, "மேடம், இதுல புதன் இவ்வளவு பலமா இருக்கே, அப்ப எனக்குக் கல்யாணம் எப்ப ஆகும்?" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். "போயிட்டு வாங்க தம்பி."

அவன் அம்மா அந்தக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் காட்டினாள். ஒருத்தி அதைப் படம் எடுத்து, அண்ணன் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் கருத்தாகப் போட்டுவிட்டாள். அண்ணன் படித்துக்கொண்டே பேச்சை விட்டு, திரும்பப் பிடித்து, அரைகுறை படித்தவர்களின் பொறாமை பற்றி ஏதோ சொன்னான். பின்தொடர்கிறவர்களில் நானூறு பேர் போனார்கள். அடுத்த வாரம் அறுநூறு பேர் வந்தார்கள்.

எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். "கூடப்பொறந்தவளா நீ? ஒனக்குச் சகோதர ஸ்தானமே கெட்டுப்போயிருக்கு" என்றான்.

"எத்தனாம் வீடு?" என்றேன்.

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. அண்ணி மாதம் ஒரு முறை ரகசியமாகக் கூப்பிடுவாள். அவள் சொல்லித்தான் தெரியும்: மகள் இன்னும் பெரிய துறைமுகம் ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு தனியே போய்விட்டாள். கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஒரு பள்ளி ஆசிரியையோடு முடிவாகியிருக்கிறது. பெண் வீட்டார் ஜாதகமே பார்க்காதவர்களாம். அவன் அம்மாதான் மனது கேட்காமல், இருவர் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி வேறு பெயரில் உச்சம் சாருக்குக் கூப்பிட்டாளாம். கடைத்தெருவில் அண்ணியைப் பார்த்தபோது அவளே சொன்னாளாம்.

"குரு உச்சம்னு சொன்னாராம்," என்றாள் அண்ணி. "அந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்."